ஒளியை முந்தும் கப்பலுக்கு 480 மாதத் தவணை

விண்வெளி சினிமாவில் ஒரு நெம்புகோலை இழுத்தால் கப்பல் அடுத்த நட்சத்திரத்தில் நிற்கும். ஐன்ஸ்டீனின் 1905 சார்பியல் கொள்கைப்படி ஒளியை முந்த முடியாது என்றெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் அப்படி நழுவ முடியாது. "போய்ச்சேர எத்தனை நாள், என்ன செலவு?" என்று கேட்பார்கள். கதையை நடத்தும் நடுவர் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும்.

இதற்கு ஒழுங்காகக் கணக்குப் போட்ட விளையாட்டு 'டிராவலர்'. மார்க் மில்லர் எழுதி 1977-ல் அமெரிக்காவில் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்களாக வந்தது. விதி எளிது. ஒரு தாவலில் 1 முதல் 6 பார்செக் வரை போகலாம் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). எவ்வளவு தூரமானாலும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 200 டன் கப்பல் ஒரு பார்செக் தாவ 20 டன் எரிபொருள் வேண்டும். சுத்திகரிக்காத மலிவு எரிபொருளை ஊற்றினால் எங்கோ வழிதவறிப் போய் விழும் அபாயம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: செய்தியும் கப்பலில்தான் போகும். வானொலி, தந்தி எதுவும் கப்பலை முந்தாது. தந்திக்கு முந்தைய பாய்மரக் கப்பல் காலம் மாதிரிதான்.

லோன் பைல்களோடு காலம் தள்ளும் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கப்பல் வாங்க 20% முன்பணம். பிறகு மாதாமாதம் விலையில் 240-ல் ஒரு பங்கு, 480 மாதங்களுக்கு. 2.4 கோடி கிரெடிட் கப்பலுக்கு மாதம் ஒரு லட்சம். கட்டி முடிக்கும்போது மொத்தம் 5.28 கோடி! தவணை கட்டாமல் கப்பலோடு கம்பி நீட்டவும் விதி இருக்கிறது. சொந்தக் கிரகத்தை விட்டு விலக விலக, பறிமுதல் செய்ய ஆள் வரும் வாய்ப்பு குறையும். பின்னே, நோட்டீஸும் கப்பலில்தானே வரவேண்டும்!

நடுவர் மனமிரங்கி, "சரி, இந்தத் தடவை ரெண்டே நாளில் போய்விட்டீர்கள்" என்றால் என்ன ஆகும்? மாதத்துக்கு இரண்டு தாவல் என்ற கணக்கு உடையும். சரக்குக் கூலி, தவணை, துரத்தல் எல்லாம் சேர்ந்து சரியும். 1987-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ரோல்பிளேயிங் விளையாட்டில் பயண நேரத்தைக் குறைத்துக் கேட்கலாம்தான், ஆனால் குறைக்கக் குறைக்கப் பகடையில் தேறுவது கடினமாகும். அங்கேயும் இலவசம் கிடையாது.

வேகம் எவ்வளவு என்பதை விட, தூரத்துக்கு ஒரு விலை வைத்து அதில் உறுதியாக நிற்பதுதான் நல்ல நடுவரின் வேலை. டிரான்ஸ்பரில் ஊர் ஊராகச் சுற்றும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. லீவுக்கு ஊருக்குப் போக எத்தனை ராத்திரி ரயிலில் தூங்கவேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.