பழைய கிறிஸ்மஸ் குடில்கள்: சிதறியதைச் சேர்த்த மூவர்

பழைய கிறிஸ்மஸ் குடில்களைச் சேகரிப்போரிடையே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் குடில்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கு உருவான பொம்மைகள் பலவற்றை இன்று அரும்பொருளகங்களில் காணமுடிவதற்கு, தனிமனிதர்கள் சிலர் பொறுமையாகத் தேடிச் சேர்த்ததே காரணம்.

இயேசு பிறப்பைக் காட்சியாக அமைக்கும் வழக்கம் பரவ வித்திட்டவராக அசிசி நகரப் புனித பிரான்சிஸ் போற்றப்படுகிறார். 1223ஆம் ஆண்டு கிரேச்சோ எனும் ஊரில் வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை ஆகியவற்றைக் கொண்டு அவர் அந்த இரவைக் கண்முன் நிறுத்தினார்.

நேப்பிள்ஸில் இந்த வழக்கம் அரண்மனைக் கலையாக வளர்ந்தது. 1734ல் அங்கு அரியணை ஏறிய மன்னர் சார்ல்ஸ், குடில் அமைப்பதில் பேரார்வம் காட்டினார். பிரபுக்களும் செல்வந்தர்களும் அவரைப் பின்பற்றினர். குழந்தை இயேசுவைச் சுற்றி மீன் விற்பவர், பழக்கடை, உணவு விடுதி, இசைக்கலைஞர் என நேப்பிள்ஸ் தெருவே குடிலுக்குள் இடம்பிடித்தது.

செய்முறை

பொம்மையின் தலை சுடுமண்ணால் ஆனது, கண்கள் கண்ணாடி, கை கால்கள் மரம். உடல், கம்பியின்மேல் நார் சுற்றிச் செய்யப்பட்டது. அதனால் பொம்மையை வேண்டியபடி வளைத்து நிறுத்தலாம். அளவுக்கேற்பத் தைத்த உடைகளில் பட்டும் உண்டு. சிற்பி, தச்சர், தையல் கலைஞர், பொற்கொல்லர் எனப் பலரின் உழைப்பு ஒரே பொம்மையில் சேர்ந்திருக்கும்.

இத்தகைய குடில்களுக்குக் காலப்போக்கில் ஆபத்து வந்தது. பொம்மைகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டபோது தொகுதிகள் சிதறின. கூடைக்காரியும் அவளது கூடையும்கூடப் பிரிந்துபோகும் நிலை உருவானது.

மூன்று கொடைகள்

நாடக ஆசிரியர் மிக்கேலே குச்சினியெல்லோ தாம் சேர்த்தவற்றை நேப்பிள்ஸின் சான் மார்ட்டினோ அரும்பொருளகத்திற்கு வழங்கினார். அந்தப் பெரிய குடில் 1879ல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகர வங்கியாளர் மாக்ஸ் ஷ்மெடெரர் திரட்டிய குடில்கள் பவேரியத் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன.

அமெரிக்க ஓவியர் லொரெட்டா ஹைன்ஸ் ஹோவர்ட் 1925ல் சேகரிக்கத் தொடங்கினார். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் அவரது பொம்மைகள் 1957ல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தன. 1964 முதல் 200க்கும் மேற்பட்டவற்றை அவர் அங்கு நன்கொடையாக அளித்தார். கிறிஸ்மஸ் மரத்தோடு அவற்றைக் காட்சிக்கு வைப்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

சேகரிப்போர் கவனத்திற்கு

பழைய பொம்மைக்குப் புதுச் சாயம் பூசக்கூடாது. மூல வண்ணத்தோடு அதன் மதிப்பும் மறைந்துவிடும். பட்டுத்துணி வெயிலில் வெளுக்கும். நாரும் மரமும் பூச்சிக்கும் ஈரத்திற்கும் இரையாகும். உடை பழையதாகத் தோன்றினாலும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் தலை, கை, கால், உடை ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடம், எப்போது, எந்தப் பொம்மைகளோடு சேர்த்து வாங்கப்பட்டது என்பதை எழுதி வைப்பது அவசியம். வீட்டில் தாத்தா பாட்டி காலத்துக் குடில் இருப்போருக்கும் இது பொருந்தும். அந்தக் குறிப்பு இருந்தால்தான் அடுத்த தலைமுறை அதைப் பிரிக்காமல் காக்கும்.