மரம் அரசனுக்கு, பழி காணிக்காரனுக்கு

உங்கட வளவுக்குள்ள தானா ஒரு கன்று முளைக்குது. வேலி போட்டு, ஆடு மாடு கடிக்காமல் வளர்த்தது நீங்கள். ஆனால் மரம் உங்களுக்குச் சொந்தமில்லை. அது களவு போனால் பதில் சொல்ல வேண்டியது மட்டும் நீங்கள்தான். மைசூரில் இருநூறு வருசமாகச் சந்தன மரத்தின்ர கதை இதுதான்.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அதே வருசம்தான் ஆங்கிலேயரிடம் தோற்று, பாதி நாட்டையும் 3 கோடி 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். கசானா வரண்டுபோன காலம் அது. 1799இல் திப்பு இறந்தார். உடையார்கள் திரும்பி வந்தார்கள். சட்டம் மட்டும் போகேல்லை. 1916இல் மைசூர் அரசு சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1963ஆம் ஆண்டின் வனச்சட்டமும் தனியார் காணியில் நிற்கிற சந்தனத்தை அரசிடமே விட்டது. மன்னர் போனார், அந்த இடத்தில வனத்திணைக்களம் வந்து இருந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

அனுமதியில்லாமல் வெட்டினால் சிறை, தண்டப்பணம். திணைக்களம் வெட்டினால் காணிக்காரனுக்கு விலையில் ஒரு பங்கு. கேட்க நியாயம் போலத்தான் இருக்குது. ஆனால் சந்தனம் வைரம் பாய்வதற்குப் பல பத்து வருசம் வேணும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் கள்ளன் மரத்தைக் கிழங்கு மாதிரித் தோண்டி எடுத்துக்கொண்டு போயிடுவான். விடிஞ்சால் விசாரணை காணிக்காரன்ர வீட்டு வாசலில நிற்கும்.

அப்ப குடியானவன் என்ன செய்வான்? குருவி போட்ட விதை ரெண்டு இலை விட்டதும் பிடுங்கி எறிஞ்சான். வளர்ந்த மரத்தை வெட்டினால்தானே குற்றம், கன்றைப் பிடுங்கினது யாருக்குத் தெரியும்? மரத்தைக் காக்க எழுதின சட்டமே மரத்துக்கு எமனாகிப் போச்சு.

கடைசியில் அரசுகளுக்கே இது விளங்கிச்சுது. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, தனியார் காணியில் வளரும் சந்தனத்தைக் காணிக்காரருக்கே சொந்தமாக்கின. வெட்டுவதற்கு அனுமதி இன்னும் வேணும். ஆனாலும் அதுக்குப் பிறகுதான் ஆக்கள் விரும்பிச் சந்தனம் நடத் தொடங்கினார்கள்.

எங்கட நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்குது. பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றை சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்துக்கு அலையிறது கரைச்சல் எண்டு பெரியாக்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீங்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தைக் கவனியுங்கோ: பழமும் பலகையும் எங்களுக்குத்தான். அதனால் பலாக்கன்றைக் கண்டு பயந்து பிடுங்கிறவர் எவரும் இல்லை.

சூழலைக் காக்கக் கடும் தண்டனை வேணும் எண்டு நாங்கள் அடிக்கடி எழுதுகிறம். வேணும்தான். ஆனால் தண்டனை எவ்வளவு எண்டு கேட்கிறதுக்கு முதல், மரம் நின்றால் ஆருக்கு என்ன கிடைக்கும் எண்டும் கேட்போம்.