உறைந்த வாடகையும் வீட்டுக்காரரின் பிடியும்

பம்பாயின் 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. குடியிருப்போரைக் காக்க வந்த அத்தற்காலிக ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. செலவு ஏறியது, வாடகை ஏறவில்லை. ஒற்றைக் கட்டடம் மட்டுமே உடைய சிறு உரிமையாளர், வாடகையை உயர்த்தவும் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் இயலாதவரானார். எஞ்சியது, வாடகையுரிமை கைமாறும்போது இசைவளிக்கும் அதிகாரமே. அவ்விசைவுக்காக, ‘பக்டி’ எனும் கைமாற்றுத் தொகையில் அவர் ஒரு பங்கு பெற்றார். சட்டம் தடுத்த அப்பணமே அவரது மெய்யான வருவாயாயிற்று.

ஆனால் எப்போதோ வரும் பணம், ஆண்டுதோறும் ஒழுகும் கூரைக்கு உதவவில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, பழுதுபார்க்கும் பொறுப்பை அரசு வாரியமொன்று ஏற்க நேர்ந்தது. 1997இல் உச்ச நீதிமன்றம், உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்து, பக்டியையும் ஏற்றது. இதற்கிடையே புதிதாக வீடு விடுவோர், வாடகையுரிமை அளிக்காத குறித்த கால உரிம ஒப்பந்தத்துக்கு மாறியிருந்தனர்.

ஆக, சட்டம் வீட்டுக்காரரின் அதிகாரத்தை ஒழிக்கவில்லை. அதை வாடகையிலிருந்து இசைவுக்கும், இசைவிலிருந்து காலக்கெடுவுக்கும் நகர்த்தியது. அவ்விடைவெளியில் கைவிடப்பட்டது பராமரிப்பு. அதற்கான விலையைச் சிதைந்த கட்டடங்களில் வாழ்ந்தோரே கொடுத்தனர்.