கறுப்புக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரம்

1734 வாக்கில் புதுச்சேரியில், பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி சீட்டித் துணி உருவாவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே இருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். 11 துண்டுகள் சேர்ந்தன. அவர் எழுதிய குறிப்புடன் அவை இன்றும் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த வேலையைச் செய்யச் சொன்னவர் துய்ஃபே என்ற வேதியியல் அறிஞர். பிரெஞ்சு அரசுக்காகச் சாயத் தொழிலை மேற்பார்வையிட்டவரும் அவர்தான்.

ஒரு துணிக்காக ஓர் அரசு இத்தனை மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்ற ஐரோப்பியருக்கு நன்றாகவே தெரியும். பருத்தியில் பூவும் கொடியும் வரைந்து, அது துவைத்தாலும் நிற்கும்படி செய்யத்தான் தெரியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன துணியோ எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் இழக்கவில்லை. ஐரோப்பிய நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் சீட்டியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. தடையை மீறியும் பெண்கள் அதை உடுத்தினார்கள். 1719இல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்தியவர்களை நெசவாளர்கள் தாக்கும் அளவுக்குப் போனது.

பொலியேவுக்குப் பிறகு, 1742 ஜனவரியில், கேர்து என்ற சேசு சபைப் பாதிரியார் இதே கரையிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. கடிதம் அவர் பெயரில் பிரான்சில் அச்சேறியது. அதிலுள்ள அறிவு முழுவதும் சாயக்காரர்களுடையது.

அந்த அறிவின் மையம் இதுதான்: சித்திரக்காரரின் கலயத்தில் நிறமே இல்லை. நிறம் துணியின் மேல்தான் உருவானது.

முதலில் வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப் பாலில் நனைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு இழையில் ஏறும். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பக்கவாட்டில் கசிந்து பரவாமல் தடுக்கும். புளித்த கஞ்சியில் இரும்புக் கசடை ஊறவைத்த நீரை கலம் எனப்படும் மூங்கில் எழுதுகோலில் தொட்டு இந்தத் துணியில் கோடு இழுத்தால், கோடு உடனே கறுக்கும். இரும்பும் கடுக்காயும் சந்திக்கும் இடத்தில் பிறக்கும் கறுப்பு அது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீர். ஆனால் படிகார நீருக்கு நிறமில்லை. எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே பதங்கக் கட்டையின் சாற்றைக் கொஞ்சம் விட்டுச் சிவப்புச் சாயல் ஏற்றிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் கழுவிவிடக்கூடிய அடையாள நிறம் மட்டுமே அது. இந்த ஓர் உத்திக்கே அவர்களை வணங்கலாம்.

பிறகு துணி சாயவேர்க் கொப்பரைக்குள் போகும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். படிகாரத்தை நீர்க்கவிட்டிருந்தால் இளஞ்சிவப்பு. இரும்பு நீரை நீர்க்கவிட்டிருந்தால் ஊதா. இரண்டையும் கலந்து தடவியிருந்தால் அரக்கு. ஒரே கொப்பரை, ஒரே வேர். நிறங்கள் மட்டும் பல. எந்த நிறம் வரும் என்பதை, அது வருவதற்கு முன்பே, கலக்கும் விகிதத்தில் சாயக்காரர் முடிவு செய்துவிடுவார். கொப்பரையிலிருந்து எடுக்கும்போது துணி முழுவதும் மங்கிய செம்மை படிந்திருக்கும். ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் போட்டுப் போட்டு வெள்ளையை மீட்பார்கள்.

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் வேர். கடலோர மணலில் தானாக வளர்ந்தது நல்லது என்று தேடிப் போனார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் தங்கள் கையில் இறுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீரும் முக்கியம். எல்லாக் கிணற்று நீரிலும் சிவப்பு பிடிக்காது, கரடுமுரடான சுவையுள்ள நீர் வேண்டும் என்று கேர்து எழுதியிருக்கிறார். நீரிலுள்ள சுண்ணாம்புதான் சிவப்பை உறுதியாக்குகிறது என்று பிற்கால வேதியியல் விளக்கியது. சாயக்காரர் அதை நாக்கிலேயே கண்டுபிடித்திருந்தார்.

நீலம் வேறு கதை. அவுரிச் சாயத்தைத் தொட்டு எழுதினால் காற்றுப் பட்டு வழியிலேயே கெட்டுவிடும். ஆகவே நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, துணியையே நீலத் தொட்டியில் முக்கினார்கள். (இங்கிலாந்தில் அவுரியைத் தூரிகையில் எழுத அரிதாரம் சேர்த்தார்கள். அது நஞ்சு.) பச்சைக்கு, நீலத்தின் மேல் மஞ்சள் எழுதினார்கள். அந்த மஞ்சள் மட்டும் நிலைக்கவில்லை. அதனால்தான் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் செடிகொடிகளின் இலைகள் நீலமாகத் தெரிகின்றன.

பிரான்சில் தடை 1759இல் நீங்கியது. அடுத்த ஆண்டே ஓபெர்காம்ஃப் ஜூயி என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். முறை அதேதான்: படிகாரம், இரும்பு, பிறகு சிவப்பு வேர். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி இனத்து வேர், ஆட்டுப் புழுக்கைக்குப் பதில் மாட்டுச் சாணம். கலத்தின் இடத்தில் மர அச்சு வந்ததால் நீர்த்த படிகாரம் உதவவில்லை. பிசினோ மாவோ சேர்த்துக் கெட்டியாக்க வேண்டியிருந்தது. இன்று திரை அச்சுக்காரர்கள் கையாளும் அச்சுக் குழம்பின் மூதாதை இந்தப் பிசின் கலந்த படிகாரம் என்று சொல்லலாம். 1868இல் கிரேபேயும் லீபர்மானும் மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பான அலிசாரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். சாயவேரின் சிவப்பும் அதே பொருள். வேர் தோண்டிப் பிழைத்த குடிகளின் தொழில் அதோடு சரிந்தது.

1907இல் சாமுவேல் சைமன் மான்செஸ்டரில் பட்டுத் திரை வழியே அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் பிக்மென்ட் நிறங்களும், அவற்றைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டரும் வந்தன. பிக்மென்ட் இழையோடு வினை புரிவதில்லை. பைண்டர் பிடித்துக்கொள்ள, இழையின் மேல் தங்குகிறது. அதனால்தான் மொட்டை மாடியில் ஒரு மரச் சட்டமும் நிறத்தை இழுத்துத் தள்ளும் ஸ்க்வீஜியும் வைத்துக்கொண்டு அச்சிடுகிறவர் மஞ்சளையும் நீலத்தையும் கிண்ணத்திலேயே கலந்து பச்சையைக் கண்ணால் பார்த்துவிட முடிகிறது. கொப்பரை வேண்டாம், இஸ்திரிப்பெட்டியின் சூடு போதும். கறுப்பு டீ-சட்டையில் அந்தப் பச்சை எடுபட வேண்டுமென்றால் மட்டும் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு தேவை.

கலத்தால் எழுதும் வேலையும் நின்றுபோகவில்லை. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை செய்த கோடாலி கருப்பூரின் மரபு, திருப்பனந்தாளை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொடர்கிறது. கோயில்களுக்கான விதானமும் தொம்பையும் அங்கே எழுதப்படுகின்றன. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.