தானாக ஆறும் கார்ப் பூச்சு: வரலாறும் பராமரிப்பும்

காரின் மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கள் வெப்பத்தாலோ ஒளியாலோ தாமாகவே மறையும்படி அமைந்த பூச்சு, தானாக ஆறும் பூச்சு எனப்படுகிறது. இத்தன்மை வண்ணத்தில் இல்லை. வண்ணத்தின் மேல் இடப்படும் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற அடுக்கில் உள்ளது. 2005-இல் ஜப்பானில் கார்களுக்கு வந்த இத்தொழில்நுட்பத்தின் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுப் பூச்சு வரலாறு உண்டு. அதன் இரண்டு இழைகள் கடலூர் மாவட்டத்தைத் தொடுகின்றன. ஒன்று, கடலூர் சிப்காட்டில் உருவான பூச்சு மூலப்பொருள். மற்றொன்று, சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் ஆராயப்பட்டுவரும் நண்டு, இறால் ஓடு.

வார்னிஷிலிருந்து கிளியர் கோட் வரை

தொடக்க காலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசிய வார்னிஷே பூசப்பட்டது. ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்ந்த அந்த வார்னிஷைப் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு காரின் பூச்சு வேலை முடிய வாரக்கணக்கில் ஆனது. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வந்தபோது காயும் நேரம் பெருமளவு குறைந்தது. ஆனால் அது தானாகப் பளபளக்கவில்லை. தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது; வெயிலில் மங்கியதும் மீண்டும் தேய்க்க வேண்டியிருந்தது. இன்று பட்டறைகளில் 'ரப்பிங்' எனப்படும் வேலை அக்காலப் பூச்சுகளுக்கு இன்றியமையாததாக இருந்தது.

அடுத்து வந்த ஆல்கைடு எனாமல்கள் கூடுதல் பளபளப்பும் உறுதியும் தந்தன. 1980-களில் வண்ண அடுக்கையும் அதன் மேல் நிறமற்ற காப்பு அடுக்கையும் தனித்தனியாகப் பூசும் முறை பரவியது. இந்தக் காப்பு அடுக்கு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிப்பே உடையது. அதாவது ஒரு தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு முறை ரப்பிங் செய்யும்போதும் இதில் ஒரு பகுதி தேய்ந்து போகிறது. கீறலைப் போக்குவது என்பது உண்மையில் கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சைச் சுரண்டி எடுப்பதே.

கடலூர் சிப்காட்டும் பென்டாவும்

ஆல்கைடு பிசின் தயாரிப்பில் கிளிசரினுக்கு மாற்றாகப் பென்டாஎரித்ரிட்டால் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் காரத்தின் முன்னிலையில் வினைபுரிந்து இது உண்டாகிறது. இதன் மூலக்கூறில் நான்கு இணைப்பு முனைகள் இருப்பதால், மூன்று முனைகள் கொண்ட கிளிசரினைவிட நெருக்கமான வலைப்பின்னலை உண்டாக்குகிறது. பூச்சு விரைவாகக் காய்கிறது, கடினமாகவும் அமைகிறது. தொழிலில் சுருக்கமாகப் 'பென்டா' எனப்படும் இப்பொருளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம் கடலூர் சிப்காட்டில் ஆலை அமைத்துத் தயாரித்தது.

1980-களில் உருவான இத்தொழிற்பேட்டை, கடலூர் – சிதம்பரம் சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரையில் உள்ளது. வேதிப்பொருள், மருந்து, சாய ஆலைகள் பல இங்கு அமைந்தன. பேட்டையைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள், காற்றில் வரும் நெடி குறித்தும் கிணற்று நீர், ஆற்று மீன் வளம் ஆகியவை கெட்டது குறித்தும் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். 2004 முதல் ஊர்மக்களே நெடி வீசும் நேரத்தையும் தன்மையையும் குறித்து வைத்துக் கண்காணிக்கும் முறையும் இங்கு நடந்தது. தொழிற்பேட்டை வேலைவாய்ப்பு தந்தது; அதன் விலையைப் பக்கத்து ஊர்கள் கொடுத்தன.

ஆறும் முறைகள்

கடினமான பூச்சு கீறலை எதிர்க்கும். ஆனால் கீறல் விழுந்துவிட்டால் அது அப்படியே நிற்கும். இந்த இக்கட்டுக்கு விடை தேடியவர்கள் மூன்று வழிகளில் சென்றனர்.

முதலாவது, நுண்குமிழ் முறை. 2001-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழுவினர், குணமாக்கும் திரவம் அடைத்த நுண்குமிழ்களைப் பிசினில் கலந்தனர். விரிசல் விழும்போது குமிழ் உடைந்து திரவம் கசிந்து இறுகுகிறது.

இரண்டாவது, மீட்சி முறை. 2005 டிசம்பரில் நிசான் நிறுவனம், நிப்பான் பெயிண்டுடன் சேர்ந்து உருவாக்கிய பூச்சை அறிவித்தது. இதில் பிசின் ரப்பர் போன்ற மீட்சித்தன்மை உடையது. கீறும்போது பொருள் அறுந்து போகாமல் ஒதுங்குகிறது. வெப்பம் கிடைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வெப்பநிலையையும் கீறலின் ஆழத்தையும் பொறுத்து ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும் என்றும், இத்தன்மை ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடிக்கும் என்றும் நிசான் தெரிவித்தது. இன்று கார்களின் மேல் ஒட்டப்படும் பாலியூரித்தேன் காப்புப் படலங்களும் இதே கொள்கையில் இயங்குகின்றன.

மூன்றாவது, கைட்டோசான் முறை. 2009-இல் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மாரெக் அர்பன், பிஸ்வஜித் கோஷ் இருவரும் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை மாற்றியமைத்துப் பாலியூரித்தேனுடன் இணைத்தனர். கீறல் விழுந்த இடத்தில் புறஊதா ஒளி பட்டதும் அறுந்த முனைகள் மீண்டும் பிணைந்தன. ஒரு மணி நேரத்துக்குள் கீறல் மூடியது. ஆனால் ஒரே இடத்தில் மறுமுறை கீறல் விழுந்தால் அது ஆறாது.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்குகிறது. நண்டு ஓடு, இறால் ஓடு, கணவாய் ஓடு ஆகியவற்றிலிருந்து கைட்டின், கைட்டோசான் பிரிப்பது இங்கு நடந்த ஆய்வுகளில் ஒன்று. மீன்பிடித் துறைகளில் கழிவாக ஒதுக்கப்படும் ஓடு, உலகின் வேறொரு மூலையில் பூச்சைக் குணமாக்கும் பொருளாயிற்று.

பராமரிப்பு

இவ்வகைப் பூச்சில் மெல்லிய கீறல் தெரிந்தால் முதலில் வெப்பம் கொடுக்க வேண்டும். காரை வெயிலில் நிறுத்துவதோ வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுவதோ போதும். கொதிநீர் கூடாது. அதன் பிறகும் மறையாத கீறலுக்கு மட்டும், மிக மென்மையான பாலிஷைக் கையால் இட்டுப் பார்க்கலாம். உப்புத்தாளும் சொரசொரப்பான ரப்பிங் பசையும் ஆறும் அடுக்கையே அகற்றிவிடும். சுழலும் பாலிஷ் இயந்திரம் மீட்சியுள்ள பூச்சை ஓரிடத்தில் சூடாக்கி இழுத்துவிடக்கூடும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று படிவதால், நல்ல நீரில் அடிக்கடி கழுவுவது பாலிஷை விடப் பயன் தரும். கழுவும் துணியை அலச ஒரு வாளியும் சோப்பு நீருக்கு ஒரு வாளியும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மணல் துகள் மீண்டும் பூச்சில் உரசாது. தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதே பெரும்பாலான மெல்லிய கீறல்களுக்குக் காரணம். பறவை எச்சத்தை உடனே ஊறவைத்து எடுத்துவிட வேண்டும்.

ஆறும் தன்மைக்கு எல்லை உண்டு. கீறல் வண்ண அடுக்கைத் தாண்டிப் பிரைமரையோ தகட்டையோ எட்டியிருந்தால் எந்த வெப்பமும் அதை மூடாது. கடலோரத்தில் அத்தகைய கீறல் விரைவில் துருப்பிடிக்கும். தானாக ஆறும் என்று காத்திருக்காமல் உடனே பட்டறையில் காட்டிப் பிரைமர் வைத்து மூடுவதே தகட்டைக் காக்கும்.