புத்தளத்தில் மூன்று நாள்: இப்னு பதூதா கண்டதும் காணாததும்

இலங்கையின் வடமேற்குக் கரையோரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அயல்நாட்டுப் பயணி ஒருவரின் சில பக்கங்களை முதலில் நாடுவது வழக்கமாகிவிட்டது. 1344 ஆம் ஆண்டிலே புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதாவின் குறிப்புக்களே அவையாம். மொறோக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304 இல் பிறந்த இவர், சட்டம் பயின்ற இளைஞராக, இருபத்தோராவது வயதில், மக்கா யாத்திரையை நோக்கி வீட்டினின்றும் புறப்பட்டார். புறப்பட்டவர் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் தாயகம் மீளவில்லை. எகிப்து, பாரசீகம், கீழை ஆபிரிக்கா, தில்லி, மாலைதீவு ஆகியவற்றைக் கண்ட பின்னரே அவர் இலங்கைக் கரையை அடைந்தார். இங்கு அரசனின் விருந்தினராக அவர் முதலில் தங்கியது மூன்று நாட்களே. ஆயினும், பதினான்காம் நூற்றாண்டுப் புத்தளத்தைப் பற்றி நாம் இன்று கூறுவனவற்றுட் பெரும்பகுதி அம்மூன்று நாட்களையே ஆதாரமாகக் கொண்டுள்ளது. ஆகவே, அவர் கண்டவை யாவை, காணாது விட்டவை யாவை, அவருடைய கூற்றை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்னு பதூதா தாம் சென்ற இடங்களில் இருந்துகொண்டே தம் நூலை எழுதியவரல்லர். நாடு திரும்பிய பின்னர், பெஸ் நகரிலே, மொறோக்கோ அரசனின் ஆணைப்படி அவர் தம் நினைவிலிருந்தவற்றைக் கூற, இப்னு ஜூஸை என்னும் அறிஞர் அவற்றை எழுத்தில் வடித்தார். அப்பணி 1355 ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. எனவே, புத்தளத்தைக் கண்டதற்கும் அதனைப் பற்றிச் சொன்னதற்கும் இடையே பதினோராண்டு கழிந்திருந்தது. இலங்கை அரசன் வழங்கிய மணிகளைக்கூட அவர் பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையருகே கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்தார். அவருடைய நூலின் அரபு மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் 1853 முதல் 1858 வரை நான்கு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்தன. மாலைதீவு, இலங்கை பற்றிய பகுதியை அல்பேட் கிறே ஆங்கிலத்தில் ஆக்க, அது 1882 இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினரால் வெளியிடப்பட்டது. நம்மவர் அவரை அறிந்தது பெரும்பாலும் இவ்வழியாகவே.

மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்கு, அதாவது அரபியர் மாபர் என வழங்கிய நாட்டிற்குச் செல்லவே அவர் கப்பலேறினார். காற்று வழிமாற்றியதால், ஒன்பது நாட்களின் பின் இலங்கையின் மலை புகைத்தூண் போல வானில் எழுந்து தோன்றிற்று. கரையை அண்மியபோது மாலுமித் தலைவன் துறையினுட் புக அஞ்சினான். அது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட துறை என்றும், அவ்வரசன் கடற்கொள்ளையில் ஈடுபடுபவன் என்றும் அவன் கூறினான். காற்றின் வேகமோ மிகுந்துகொண்டே வந்தது. தம்மைக் கரையில் இறக்கிவிடின் அபயம் பெற்றுத் தருவதாகக் கூறி இறங்கிய இப்னு பதூதா, தாம் மாபர் சுல்தானின் உறவினர் எனத் தம்மை அறிமுகஞ் செய்துகொண்டார். இது வெறுந் தந்திரமன்று. மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள் ஒருத்தியை அவர் தில்லியில் மணந்திருந்தார். அன்று மதுரையை ஆண்ட கியாதுத்தீன் தாமகானி மற்றொரு மகளின் கணவன். நம்மவர் வழக்கிற் கூறுவதாயின் இருவரும் சகலன்மார். மன்னார் வளைகுடாவின் இருகரை அரசியலிலும் அவ்வுறவுமுறைக்கு மதிப்பிருந்தமையை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அவர் பத்தாலா எனக் குறிக்கும் நகர் புத்தளமே என்பதில் ஆய்வாளரிடையே பெரிதும் கருத்து வேற்றுமை இல்லை. அது சிறிய, அழகிய நகர் என்றும், மரத்தாலான மதிலும் மரக் கொத்தளங்களும் சூழ்ந்தது என்றும் அவர் வருணிக்கின்றார். அதனை அரசனின் தலைநகர் என்றே அவர் கூறியபோதிலும், ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தது என்பது தெளிவு. ஆகவே, முத்துக் குளிப்பையும் மேற்குக் கரை வாணிகத்தையும் மேற்பார்வை செய்யும் பொருட்டு அரசன் காலத்துக்குக் காலம் வந்து தங்கிய இருக்கையாகப் புத்தளம் இருந்திருத்தல் வேண்டும் எனக் கொள்வதே பொருத்தமாகும். கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களில் ஆரியச்சக்கரவர்த்தியின் படைமுகாம்கள் இருந்தன என்றும், அளகேஸ்வரன் அவற்றை அகற்றினான் என்றும் இராசாவலிய என்னும் சிங்கள நூல் கூறும். புத்தளத்தில் அவ்வரசனை நேரிற் கண்ட அயலாரின் சாட்சியம் இக்கூற்றுக்கு வலுவூட்டுகின்றது. மாபர்க் கரையில் அவனுடைய கலங்கள் சிறிதும் பெரிதுமாக நூறு ஒருமுறை வந்து நின்றதைத் தாம் கண்டதாகவும் இப்னு பதூதா குறிப்பிடுகின்றார். யாழ்ப்பாணத்து அரசைக் குடாநாட்டினுள் அடங்கிக் கிடந்த சிற்றரசாகக் கருதுவோர் இச்செய்தியை மனங்கொள்ளுதல் நன்று.

அரசவையில் நிகழ்ந்த உரையாடல் மேலும் சிறப்புடையது. அரசன் பாரசீக மொழியை விளங்கிக் கொண்டான் என இப்னு பதூதா கூறுகின்றார். அவ்வேளை முத்துச் சலாபத்திலிருந்து வந்த முத்துக்களை அதிகாரிகள் தரம் பிரித்துக் கொண்டிருந்தனர். இவற்றினும் மேலான முத்துக்களை வேறெங்கேனும் கண்டதுண்டோ என்ற பொருளில் அரசன் வினவினான். பாரசீக வளைகுடாவின் முத்துக்களைக் கண்டிருந்த விருந்தினரும் இவற்றிற்கு ஈடில்லை என்று விடையிறுத்தார். ஓர் ஈழத் தமிழ் மன்னன் பாரசீகம் அறிந்திருந்தமை சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்றளபதி செங் ஹோவின் 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. இந்து சமுத்திர வாணிகத்தில் பாரசீகம் பொதுமொழியாக விளங்கிற்று. முத்தை விற்கும் மன்னன் அதனை வாங்குவோரின் மொழியை அறிந்திருந்தான் என்பதே இதன் பொருள்.

கறுவாவைப் பற்றிய செய்தியை இதே நம்பிக்கையுடன் ஏற்க இயலாது. கறுவா மரங்கள் ஆற்று வெள்ளத்தால் அடித்து வரப்பட்டுக் கடற்கரையிலே குன்றுகள் போலக் குவிந்து கிடந்தன என்றும், மாபர், மலபார் நாட்டார் விலை கொடாது அவற்றை எடுத்துச் செல்வர் என்றும், அதற்கு ஈடாக அரசனுக்குத் துணி முதலியவற்றை அளிப்பர் என்றும் அவர் கூறுகின்றார். ஆனால் புத்தளம் வறண்ட வலயத்தைச் சேர்ந்தது; கறுவாவோ தென்மேற்கின் ஈரவலயத்திற்குரியது. ஆற்று வெள்ளம் இத்துணைக் கறுவாவைப் புத்தளக் கரையிற் சேர்த்தது என்பது எளிதில் நம்பற்பாலதன்று. கரையில் அவர் கண்டவை வாணிகத்தின் பொருட்டுத் தெற்கிலிருந்து கொண்டுவந்து அடுக்கப்பட்டவையாக இருத்தல் கூடும். துணியைக் கொடுத்துக் கறுவாவைப் பெறுதல் பண்டமாற்றன்றி வேறென்ன? குவியலைக் கண்ட கண்ணை நாம் நம்பலாம். அது குவிந்தமைக்குத் தரப்பட்ட காரணத்தையே ஐயுறல் வேண்டும். குறுகிய காலம் தங்கும் எப்பயணியின் கூற்றையும் இவ்வாறு பகுத்து நோக்குவது வரலாற்று மாணவனின் கடனாகும்.

மூன்று நாட்களின் பின், பாவா ஆதம் மலை என முஸ்லிம்களும் சிவனொளிபாதமலை எனச் சைவரும் வழங்கும் மலைக்குச் செல்ல அவர் விடை வேண்டினார். அரசன் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் நல்கி, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு துணைவரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்கு யோகியரும் பிராமணரும் வழிகாட்டிச் சென்ற இக்காட்சி, அக்காலச் சமயப் பொறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கரை வழியே சென்ற அக்குழு முதலில் மன்னார் மண்டலி என்னும் ஊரை அடைந்தது. இது இன்றைய முந்தற் பகுதியாகலாம் என்பர். அடுத்து வரும் சலாவாத் துறை சிலாபமே எனக் கொள்வர். முன்னைய ஊரில், நோயுற்றுப் பின்தங்கிய குராசான் நாட்டவர் ஒருவரைத் தவிர வேறு முஸ்லிம்கள் இருக்கவில்லை என அவர் எழுதியிருத்தல் கவனித்தற்குரியது.

இனி, அவர் காணாது விட்டவற்றை நோக்குவோம். புத்தளம் என்னும் பெயர் புது அளம் என்பதன் திரிபு என்பர். அளம் என்பது உப்பு விளையும் இடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். உப்பு விற்ற உமணரைச் சங்கச் செய்யுள்கள் பலவாறு பாடியுள்ளன. இவ்விளக்கம் சரியாயின், அந்நகரின் பெயரை உச்சரித்த ஒவ்வொரு முறையும் இப்னு பதூதா உப்பைப் பற்றியே பேசியிருக்கின்றார். ஆனால் அதனை அவர் அறியார். முத்தும் மாணிக்கமும் கறுவாவும் அவருடைய பக்கங்களில் ஒளிர்கின்றன. வெயிலில் நின்று பாத்தி கட்டி உப்பு வாரியோருக்கு அங்கு இடமில்லை. கடலில் மூழ்கி முத்தெடுத்தோரும் அரசவைத் தட்டில் வைக்கப்பட்ட முத்தின் பின்னே மறைந்து போகின்றனர். மக்கள் தம்முட் பேசிய மொழி யாது என்பதனையும் அவர் கூறவில்லை. சிலாபத்தைக் கடந்து சென்றவர், அதன் அருகிலுள்ள முன்னேஸ்வரத்தைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டிலே கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு தானம் வழங்கித் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த தலம் அது.

புத்தளக் கரை அவருக்கு முன்னரும் காற்றால் ஒதுக்கப்பட்டோரை ஏற்றுள்ளது. உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில், அன்னியஸ் புளோகமஸ் என்பவனின் அடிமைநிலை நீங்கிய ஊழியன் ஒருவன், அராபியாவைச் சுற்றிச் செல்கையிற் காற்றால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் ஹிப்பூரோஸ் என்னும் துறையை அடைந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒத்த அப்பெயர், புத்தளத்திற்கு வடக்கேயுள்ள குதிரைமலையைச் சுட்டும் என்பர் அறிஞர் பலர். அதற்குத் தெற்கே பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்படுகின்றன. அத்தாழிகளுள் அடங்கியோர் எழுத்தொன்றும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றிப் பேசப் பயணியின் குறிப்பும் இல்லை. மட்கலமும் எலும்புமே உண்டு.

இக்கரையைப் பற்றி இக்கரையிற் பிறந்தவரே எழுதுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல், முப்பது வயது நிரம்பு முன்னரே, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் பற்றிய விபரங்களை அகரவரிசையில் தரும் சிலோன் கசற்றியர் என்னும் நூலை வெளியிட்டார். 1838 இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் தமிழ் புளூராக்கை அளித்தார். முக்குவர் வழக்கங்களை அவர் எழுதியது உடன் வாழ்ந்தவரின் அறிவோடு எழுதியதாகும். எனினும், அவருடைய இவ்வாக்கங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. புத்தளத்தைப் பற்றி முதலில் அரபிலும், பின்னர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமே உலகம் படித்தது.

இதனை ஒரு குறையாக முறையிடுவதிற் பயனில்லை. நாம் செய்யத்தக்கது யாது என்பதே வினா. இன்று மாணவர் கல்விச் சுற்றுலாவாகப் புத்தளம் செல்லின், 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டையைப் பார்ப்பர், களப்பைப் பார்ப்பர், மாலையில் பேருந்தேறுவர். இப்னு பதூதா மூன்று நாட்களிற் செய்ததை நாம் ஒரே நாளிற் செய்து முடிக்கின்றோம். அவரோ தாம் கண்டதைப் பிறர்க்குச் சொல்லவேனும் செய்தார்.

இக்கரைக்கு வந்து சேர்ந்தோரின் வரலாறு பழங்காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தள மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய அவ்வாழ்க்கை பலருக்கு மூன்று தசாப்தங்களையும் கடந்துவிட்டது. அவர்களைக் கொணர்ந்தது பருவக்காற்றன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரால் துரத்தப்பட்ட வரலாறு அது. தமிழில் எழுதப்படும் வரலாறு அதனைத் தவிர்த்துச் செல்லுமாயின், உப்பு வாரியோரைக் காணாது முத்தை மட்டும் கண்ட பயணியினும் அது குறைபாடுடையதாகும். அவர் அறியாது விட்டார். நாம் அறிந்தும் விடுவோராவோம்.

கொட்டில்களில் வளர்ந்தோரின் பிள்ளைகளும், உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகளும், உடப்பு, கற்பிட்டி மீனவரின் பிள்ளைகளும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் அமரும் காலம் இது. முதியோர் நினைவிலுள்ள ஊர்ப்பெயர்களையும், தொழிற் சொற்களையும், இடம்பெயர்ந்த நாளின் செய்திகளையும் கேட்டுத் தமிழில் எழுதி வைத்தல் அவர்களுக்கு இயலாததன்று. இப்னு பதூதா வீட்டை விட்டுப் புறப்பட்டதும், காசிச்செட்டி தம் முதல் நூலை வெளியிட்டதும் ஏறத்தாழ நம் வயதிலேயே. தமிழும் வரலாறும் பயிலும் மாணவர் ஒவ்வொரு விடுமுறையிலும் ஓர் ஊரின் செய்தியையேனும் இவ்வாறு தொகுக்க முன்வருவராயின், அடுத்து வரும் ஆய்வாளன் புத்தளத்தை அறிய மூன்று நாள் விருந்தினர் ஒருவரை மட்டும் நம்பியிருக்க நேராது.