தமிழ்ப் பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது ஏன்?

இணையத்தின் தொடக்க காலத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பலருக்குப் புரியாத குறிகளே தெரிந்தன. ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு எழுத்தை வைத்திருந்ததே காரணம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதே ஆண்டு தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. திஸ்கியும் புழக்கத்தில் இருந்ததால் குழப்பம் தீரவில்லை.

யூனிகோடு வந்ததும் புதுச் சிக்கல். விழுப்புரம் மாவட்டத்துக் 'காணை'யையே பாருங்கள்: ஐகாரக் குறி கண்ணுக்கு 'ண'வின் முன்னால் தெரிகிறது, யூனிகோடில் பின்னால் பதிவாகிறது. இது தெரியாத பழைய மென்பொருள்கள் இடம் மாற்றிக் காட்டின.

2010-ல் அரசும் யூனிகோடை ஏற்றது. ஆனால் மாற்றப்படாத பழைய பக்கங்களை இன்று எழுத்துமாற்றியோ உரிய பழைய எழுத்துருவோ இல்லாமல் படிக்க முடியாது.

புதிதாகப் பக்கம் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: கோப்பு யூடிஎஃப்-8-ல் சேமிக்கப்பட்டதா, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே குறித்திருக்கிறதா?